வீட்டு ரூட்டர் விபிஎன் விடுதி வைஃபையில் இணையவில்லை: எங்கே நிற்கிறது, எதை மாற்றலாம்?

கீழக்கரை வீட்டில் ரூட்டரிலேயே ஓப்பன்விபிஎன் (வெளியில் இருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் மறைகுறியாக்கிய வழியில் வர உதவும் ஒரு விபிஎன் மென்பொருள்) சர்வர் போட்டிருக்கிறீர்கள். போன் டேட்டாவில் இருந்து இணைத்தால் வீட்டுக் கேமராவும் வாப்பா (அப்பா) கடையின் கணக்குக் கம்ப்யூட்டரும் வந்துவிடுகின்றன. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதி வைஃபையில் இணைத்தால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு நின்றுபோகிறது. துபாயில் இருக்கும் உங்கள் காக்காவுக்கும் (அண்ணனுக்கும்) வேலை செய்யும் இடத்து வைஃபையில் இதே நிலைதான். "ரூட்டரில் எதை மாற்றினால் எந்த ஃபயர்வாலையும் தாண்டிப் போகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபயர்வால் என்பது நெட்வொர்க்கில் போவதையும் வருவதையும் சோதித்துத் தடுக்கும் காவல். எந்த ஃபயர்வாலையும் தாண்டும் ஒரே அமைப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: உங்கள் வீடு எல்லா நெட்வொர்க்கில் இருந்தும் எட்டக்கூடியதாக இருக்கிறதா, விடுதி ஃபயர்வால் உங்களை எதை வைத்து அடையாளம் காண்கிறது, காக்காவுக்கு இதைச் செய்து கொடுப்பது சரியா. மூன்றுக்கும் பதில் வேறு வேறு. ராமநாதபுரம், மண்டபம், தொண்டி பக்கம் இறால் பண்ணை, ஐஸ் கம்பெனி, லாட்ஜ் என்று ரூட்டர் போட்டுக் கொடுப்பதுதான் பல வருடமாக என் தொழில். கல்வி நிறுவனங்களுக்கு ஃபயர்வால் அமைத்துக் கொடுப்பதும் உண்டு. அதனால் அடைப்பவர் என்ன பார்க்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் வீட்டுப் பக்கம். போன் டேட்டாவில் இணைகிறது, ஆகவே வீட்டில் எல்லாம் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவுக்கு இவ்வளவு சீக்கிரம் வர வேண்டாம். நம் ஊர் மொபைல் டேட்டாவில் ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்து வந்த, நீளமான இணைய முகவரி வகை) நன்றாகப் பரவிவிட்டது. உங்கள் வீட்டு இணைப்பிலும் ஐபிவி6 இருந்து, டைனமிக் டிஎன்எஸ் (மாறிக்கொண்டே இருக்கும் வீட்டு முகவரியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் சேவை) பெயரில் அந்த முகவரியும் பதிவாகி, ரூட்டரின் விபிஎன் சர்வரும் அதில் கேட்டுக்கொண்டிருந்தால், போன் அந்த வழியாகவே வீட்டுக்குள் வந்துவிடும். விடுதி வைஃபை பல இடங்களில் வெறும் ஐபிவி4. அந்த வழியில் உங்கள் வீடு வெளியே தெரியவே தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் விடுதி ஃபயர்வால் மேல் பழி போட்டு நீங்கள் எவ்வளவு மாற்றினாலும் பயன் இருக்காது. இதைப் பார்ப்பது எளிது. போனில் விபிஎன் ஆப்பின் லாக்கை (நடந்ததை வரி வரியாக எழுதி வைக்கும் பதிவை) திறந்து எந்த முகவரியோடு இணைந்தது என்று பாருங்கள். புள்ளி வைத்த நான்கு எண்கள் என்றால் ஐபிவி4. நிறைய முக்காற்புள்ளிகளோடு நீளமாக இருந்தால் ஐபிவி6.

அடுத்து ரூட்டரின் நிலைப் பக்கத்தில் அது இணைய நிறுவனத்திடம் இருந்து வாங்கியிருக்கும் வெளி ஐபியைப் பாருங்கள். "என் ஐபி என்ன" என்று காட்டும் தளம் சொல்வதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ரூட்டரில் 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் ஏதாவது தெரிந்தால், நீங்கள் நிறுவனத்தின் பெரிய என்ஏடி-க்குப் (NAT, பல இணைப்புகளை ஒரே பொது முகவரியில் வெளியே அனுப்பும் அமைப்பு) பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோகும் நிலையில் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கிய எண்கள் அவை. அங்கே போர்ட் ஃபார்வர்டு (வெளியில் இருந்து ஒரு போர்ட் எண்ணுக்கு, அதாவது வாசல் எண்ணுக்கு, வருவதை வீட்டுக்குள் உள்ள கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்து பலன் இல்லை. நிறுவனத்திடம் கட்டணம் கட்டி நிலையான ஐபி கேட்கலாம், அல்லது கீழே சொல்லப்போகும் வேறு வழிக்குப் போகலாம். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், பெரும்பாலும் ஃபைபர் போட்டவர்கள் வைத்துவிட்டுப் போன பெட்டியும் ஒரு ரூட்டராக வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் நிலைக்கு) மாற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அதிலும் போர்ட்டைத் திறந்துவிட வேண்டும்.

வீட்டின் ஐபிவி4 சரி என்று உறுதியான பிறகுதான் விடுதிப் பக்கம் வர வேண்டும். கட்டுப்பாடான நெட்வொர்க்குகள் எல்லாம் ஒரே மாதிரி அடைப்பதில்லை. சோதனைச் சாவடியில் வண்டி எந்த வழியாக வருகிறது என்று மட்டும் பார்ப்பவர் உண்டு, தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பவர் உண்டு, பெட்டியையே பிரிப்பவரும் உண்டு. முதல் வகை ஃபயர்வால் போர்ட்டை மட்டும் பார்க்கும். டிசிபி, யுடிபி என்பவை தரவை அனுப்பும் இரண்டு முறைகள், பக்கத்தில் வரும் எண் போர்ட்டைக் குறிக்கும். வெளியே போக டிசிபி 80, 443, கல்லூரியின் சொந்த டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை), அவ்வளவுதான் திறந்திருக்கும். உங்கள் சர்வர் யுடிபி 1194-இல் இருக்கிறது. ஓப்பன்விபிஎன்னுக்கு என்றே பதிவான போர்ட் அது. இங்கே அது முதல் அடியிலேயே விழும். லாக்கில் 60 நொடிக்குள் டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும் நெறிமுறை) சாவிப் பரிமாற்றம் நடக்கவில்லை என்ற பொருளில் ஒரு வரி வந்தால், பாக்கெட் போய்ச் சேரவில்லை அல்லது பதில் திரும்பி வரவில்லை. விடுதி வைஃபையில் மட்டும் அப்படி வந்தால் இந்த முதல் வகையைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

இதற்கான மருந்து எல்லோரும் சொல்லும் டிசிபி 443தான். ஆனால் "443-க்கு மாற்று" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதால்தான் பலருக்கு அது வேலை செய்வதில்லை. விபிஎன் சர்வர் பக்கத்தில் யுடிபியை டிசிபி ஆக்கி, போர்ட் 443 என்று போடுங்கள். அதற்கு முன், ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தை வெளியில் இருந்து திறக்கும் வசதி 443-இல் ஓடுகிறதா என்று பார்த்து அதை அணைத்துவிடுங்கள். அது பாதுகாப்புக்கும் நல்லது, போர்ட் மோதலும் தீரும். ஃபைபர் பெட்டியில் ஏற்கனவே 1194-க்கு ஒரு ஃபார்வர்டு விதி எழுதியிருந்தால், எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, யுடிபி என்பதை டிசிபி என்றும் மாற்ற வேண்டும். நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் அதிகம் விடுபடுவது இந்த ஒன்றுதான். பிறகு கிளையன்ட் கோப்பை (இணையும் கருவிக்கான அமைப்புக் கோப்பை) ரூட்டரில் இருந்து புதிதாக எடுத்து போனிலும் லேப்டாப்பிலும் ஏற்றுங்கள். பழைய கோப்பு பழைய போர்ட்டைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். வீட்டு இணைப்புகளில் உள்ளே வரும் 443-ஐ இணைய நிறுவனமே அடைத்து வைத்திருப்பதும் உண்டு. அதனால் மாற்றியதும் விடுதிக்குப் போகுமுன் வேறொரு வீட்டு பிராட்பேண்டில் இருந்து இணைத்துப் பாருங்கள். விடுதியில் விண்டோஸ் லேப்டாப் இருந்தால் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு வீட்டு முகவரியையும் 443-ஐயும் கொடுங்கள். டிசிபி அளவில் வழி இருக்கிறதா என்று அது சொல்லிவிடும்.

யுடிபியை ஒரேயடியாகக் கைவிட வேண்டாம். உங்கள் ரூட்டர் இரண்டு சர்வர்களை ஒரே நேரத்தில் ஓட்டும் என்றால் யுடிபி 1194 ஒன்று, டிசிபி 443 ஒன்று என்று இரண்டையும் வையுங்கள். சாவிகள் ஒன்றாக இருந்தால் கிளையன்ட் கோப்பில் ரிமோட் என்று தொடங்கும் வரியை இரண்டாக எழுதலாம். முதல் வரியில் யுடிபி, அடுத்ததில் டிசிபி. முதலாவது பதில் தராவிட்டால் அடுத்ததை அதுவே முயலும். கனெக்ட்-டைம்அவுட் அளவை 10 நொடியாகக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் வரியிலேயே நெடுநேரம் காத்திருக்கும். யுடிபியை ஏன் விடக்கூடாது என்றால், டிசிபிக்குள் இன்னொரு டிசிபி ஓடும்போது விடுதி வைஃபையில் ஒரு பாக்கெட் தொலைந்தால் உள்ளேயும் வெளியேயும் இரண்டு பேரும் மறுபடி அனுப்பத் தொடங்குவார்கள். நெரிசல் நேரத்தில் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கேமரா படம் உறைந்து நிற்கும். கேமரா ரெக்கார்டரில் சப்-ஸ்ட்ரீம் என்று ஒரு குறைந்த தரப் படம் இருக்கும். வெளியில் இருந்து பார்க்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். இறால் பண்ணைகளில் இரவில் ஏரேட்டர் (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) சுற்றுகிறதா என்று பார்ப்பவர்களுக்கு நான் அப்படித்தான் அமைத்துத் தருகிறேன்.

இன்னொரு காரணத்தைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பல ஃபயர்வால்கள் தளங்களை வகை பிரித்து வைத்திருக்கும். அதில் "டைனமிக் டிஎன்எஸ்" என்றே ஒரு வகை உண்டு. வைரஸ் பரப்புகிறவர்கள் அந்த இலவசப் பெயர்களை அதிகம் பயன்படுத்துவதால் நிர்வாகிகள் அதை மொத்தமாக அடைத்து வைப்பது வழக்கம். நானும் அமைக்கும்போது அடைப்பேன். அப்படி இருந்தால் உங்கள் விபிஎன் மேல் எந்தக் குறையும் இல்லாமலே பெயர் முகவரியாக மாறாது, அல்லது வேறு ஏதோ முகவரியைத் தரும். வீட்டின் அன்றைய ஐபியை நேராகக் கோப்பில் எழுதி ஒரு முறை இணைத்துப் பாருங்கள். இணைந்தால் சிக்கல் பெயரில்தான். சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி வைத்துக்கொள்வது இதற்கு நல்ல தீர்வு. ஆனால் புதிதாகப் பதிந்த டொமைன்களையும் சில ஃபயர்வால்கள் கொஞ்ச நாளைக்குச் சந்தேகத்தோடு பார்க்கும்.

இப்போது தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கும் வகை. டிசிபி 443-இல் இணைப்பு கிடைத்து, உடனே ரீசெட் என்று அறுந்தால் இதுதான் பெரும்பாலும் காரணம். ஓப்பன்விபிஎன் டிஎல்எஸ்ஸைப் பயன்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் டிஎல்எஸ்ஸைத் தன் சொந்த உறைக்குள் வைத்துத்தான் அனுப்புகிறது. சாதாரண இணையத்தளத்துக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பின் முதல் பைட் 22. ஓப்பன்விபிஎன் டிசிபியில் முதலில் நீளத்தைச் சொல்லும் இரண்டு பைட்டும் அடுத்து வழக்கமாக 56 என்ற பைட்டும் போகும். 443-இல் 22 வராமல் இது வந்தால், உள்ளடக்கத்தைப் படிக்காமலேயே ஃபயர்வால் கண்டுகொள்ளும். 2022-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு இணைய நிறுவனத்தோடு சேர்ந்து சோதித்தபோது ஓப்பன்விபிஎன் இணைப்புகளில் 85 சதவீதத்துக்கும் மேல் அடையாளம் காண முடிந்தது. டிஎல்எஸ்-கிரிப்ட் (ஓப்பன்விபிஎன்னில் உள்ள கூடுதல் மறைப்பு) போட்டால் மறைந்துவிடும் என்று சிலர் எழுதுவார்கள். அது சான்றிதழையும் (சர்வர் தான் யார் என்று நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் அடையாளம்) கட்டுப்பாட்டுப் பேச்சையும் மறைக்கும், யாரோ சர்வரைத் தட்டிப் பார்த்தால் பதில் சொல்லாமலும் இருக்கும். அதற்காகவே போடுங்கள். அந்த முதல் பைட் மட்டும் அப்படியே வெளியே தெரியும்.

இந்த வகைக்கு, வெளியுறையே உண்மையான டிஎல்எஸ்ஸாக இருக்கும் விபிஎன் வேண்டும். மைக்ரோடிக் ரூட்டர் என்றால் எஸ்எஸ்டிபி சர்வர் அதிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது என்பதால் விண்டோஸில் தனி மென்பொருள் தேவையில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச மாற்று மென்பொருள்) ஏற்றக்கூடிய ரூட்டர் என்றால் ஓப்பன்கனெக்ட் சர்வரை நிறுவலாம், போனுக்கும் லேப்டாப்புக்கும் கிளையன்ட் கிடைக்கும். ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் பிறந்த சாஃப்ட்ஈதரும் இதே இனம், கொஞ்சம் வலுவான பெட்டி கேட்கும். இருக்கும் ஓப்பன்விபிஎன்னையே ஸ்டனல் என்ற கருவியால் டிஎல்எஸ்ஸுக்குள் சுற்றுவதும் முடியும், ஆனால் போனில் அதை அமைப்பது தலைவலி. கடையில் வாங்கும் சாதாரண ரூட்டரின் சொந்த மென்பொருளில் இவை பெரும்பாலும் கிடையாது. ரூட்டரை மாற்ற மனமில்லாவிட்டால், அதற்குப் பின்னால் ஒரு பழைய லேப்டாப்பையோ ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரையோ வைத்து 443-ஐ அதற்குத் திருப்பிவிடலாம். சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் மூலம் இலவசமாக வாங்குங்கள். நீங்களே கையெழுத்திட்ட சான்றிதழைப் பார்த்து அறுத்துவிடும் ஃபயர்வால்கள் நிறைய. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி வைக்க வேண்டும்.

வயர்கார்டு போடச் சொல்லி இங்கே யாராவது பதில் எழுதுவார்கள். மிக நல்ல விபிஎன், 2020-இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது, சின்ன ரூட்டரில் ஓப்பன்விபிஎன்னைவிட நன்றாகவே வேகம் தரும். ஆனால் அது யுடிபியில் மட்டும்தான் ஓடும், தன்னை மறைத்துக்கொள்ளவும் முயலாது. அதன் முதல் பாக்கெட் எப்போதும் 148 பைட், தொடக்கமும் மாறாது. யுடிபி 443-இல் வைத்தால் க்விக் என்ற புதிய இணைய நெறிமுறைக்காகத் திறந்து வைத்திருக்கும் இடங்களில் போகலாம். கல்லூரி ஃபயர்வால்களில் பாதுகாப்புச் சோதனைக்காக அதையே அடைத்து வைப்பது அதிகம். போன் டேட்டாவுக்கு வயர்கார்டு, விடுதிக்கு டிஎல்எஸ் என்று பிரித்து வைப்பேன் நான். வயர்கார்டில் இணைந்த பிறகு பக்கங்கள் பாதியில் தொங்கினால் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை) 1420-இல் இருந்து 1380 அல்லது 1280 ஆக்கிப் பாருங்கள். ஃபைபரில் பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) இணைப்பு என்றால் 1500-க்குப் பதில் 1492தான் கிடைக்கும், அந்த எட்டு பைட்டே சில நேரம் போதும்.

பெட்டியைப் பிரிக்கும் மூன்றாம் வகையை அடையாளம் காண, விடுதி வைஃபையில் ஏதாவது ஒரு பெரிய தளத்தைத் திறந்து பிரவுசரில் அதன் சான்றிதழை யார் வழங்கியது என்று பாருங்கள். கல்லூரி பெயரோ ஃபயர்வால் பிராண்டு பெயரோ இருந்தால், அவர்கள் டிஎல்எஸ்ஸைப் பிரித்துப் படித்து மறுபடி மூடி அனுப்புகிறார்கள். அங்கே டிஎல்எஸ் உறையில் போகும் நேர்மையான விபிஎன் இணையாது, இணையவும் கூடாது. நடுவில் ஆள் மாறினால் அறுத்துக்கொள்ளத்தான் அது உருவானது. சான்றிதழ் எச்சரிக்கையை "பரவாயில்லை" என்று அழுத்திவிட்டு உள்ளே போகாதீர்கள், வீட்டு நெட்வொர்க்கின் பாஸ்வேர்டையே கொடுத்த மாதிரி ஆகிவிடும். அங்கே போன் டேட்டாவைப் பகிர்ந்துகொள்ளுங்கள், அல்லது நெட்வொர்க் நிர்வாகியிடம் போய்க் கேளுங்கள். வீட்டுக் கேமரா பார்க்க ஒரே ஒரு முகவரிக்கு ஒரே ஒரு போர்ட் வேண்டும் என்று எழுதிக் கேட்டால் திறந்துவிடும் நிர்வாகிகள் உண்டு. விபிஎன்னை அடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் யார் எங்கே போனார்கள் என்ற பதிவு அவர்களுக்குத் தேவைப்படுவதும், அலைவரிசை தீர்ந்துபோவதும்தான். விடுதி விதியில் விபிஎன் கூடாது என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், மேலே சொன்ன எதையும் கேட்காமல் செய்யாதீர்கள்.

இணைந்த பிறகும் கேமரா தெரியவில்லை என்றால் முகவரி மோதலைப் பாருங்கள். வீட்டிலும் 192.168.0, விடுதியிலும் 192.168.0 என்றால் லேப்டாப் வீட்டுக் கேமராவை விடுதியிலேயே தேடும். வீட்டை 192.168.73 போல யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றுங்கள். கல்லூரிகள் 10-இல் தொடங்கும் எண்களை மொத்தமாக எடுத்துக்கொள்வது வழக்கம், ஓப்பன்விபிஎன்னில் வழக்கமாக வரும் 10.8.0-வும் அதில் சிக்கும். விபிஎன் பக்கத்தில் "வீட்டு நெட்வொர்க் மட்டும்" என்ற தேர்வு இருந்தால் அதையே வையுங்கள். உங்களுக்கு வேண்டியது கேமராவும் கணக்கும்தான், விடுதியின் இணையப் போக்குவரத்து முழுவதையும் கீழக்கரை வழியாகச் சுற்றிவிடத் தேவையில்லை.

நம் கடற்கரைக்கென்று ஒன்றிரண்டு உண்டு. கரண்ட் போய் வந்தால் பல ரூட்டர்களுக்கு நேரம் மறந்துபோகும், உள்ளே கடிகார பேட்டரி கிடையாது. இணையத்தில் இருந்து சரியான நேரம் வாங்கும்வரை, உங்கள் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று சொல்லி இணைப்பை மறுக்கும். நேரம் தரும் சர்வர் பெயர் ரூட்டரில் சரியாக இருக்கிறதா பாருங்கள். கரண்ட் வந்ததும் வெளி ஐபியும் மாறியிருக்கும், டைனமிக் டிஎன்எஸ்ஸில் புது முகவரி ஏறச் சில நிமிடம் ஆகலாம். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று போட்டால் இரண்டும் குறையும். கடல் பக்க ஜன்னல் ஓரத்தில் ரூட்டரை வைக்காதீர்கள், உப்புக்காற்றில் லேன் போர்ட்டின் உலோக முனைகள் பச்சை பூத்து இணைப்பு விட்டு விட்டு வரும். அதைப் பார்த்து விபிஎன்னைக் குறை சொல்பவர்கள் உண்டு.

காக்கா விஷயத்தில் ரூட்டர் அமைப்பு பதில் இல்லை. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தில், குற்றம் செய்யவோ அது வெளியே தெரியாமல் மறைக்கவோ போலி ஐபி முகவரியைப் பயன்படுத்தினால் சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் இருக்கிறது. இணையவழிப் பேச்சுக்கு அங்கே தனிக் கட்டுப்பாடும் உண்டு. வீட்டுக் கேமரா பார்ப்பது குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி வைஃபையில், கம்பெனிக்குத் தெரியாமல், எல்லாப் போக்குவரத்தையும் கீழக்கரை வழியாக விடுவதும் போன் பேசுவதும் வேறு விஷயம். நான் வழக்கறிஞர் இல்லை, நெட்வொர்க் ஆள். என் வீட்டுப் பிள்ளை அங்கே இருந்தால், தன் சிம் டேட்டாவில் கேமரா நிறுவனத்தின் ஆப்பில் படம் மட்டும் பார்க்கச் சொல்வேன், வேலை செய்யும் இடத்து வைஃபையில் வேண்டாம் என்பேன். இங்கே நம் நாட்டில், 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்கச் சொன்னது பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்பவர்களிடம். உங்கள் குடும்பத்துக்கு வீட்டு ரூட்டரில் போட்டது அந்தக் கணக்கில் வராது. தெருவில் நாலு பேருக்கு காசு வாங்கிக்கொண்டு கொடுக்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும்.

வீடு இணைய நிறுவனத்தின் பெரிய என்ஏடி-க்குப் பின்னால் இருந்தால், அல்லது இத்தனை அமைப்பும் வேண்டாம் என்றால், டெயில்ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது. வயர்கார்டின் மேல் கட்டியது. இரு பக்கமும் வெளியே போகும் இணைப்பாகவே தொடங்குவதால் வீட்டில் போர்ட் திறக்க வேண்டியதில்லை. யுடிபி அடைபட்ட இடத்தில் டிசிபி 443 வழியாக இடைநிலை சர்வர் மூலம் போகும். தனிநபருக்கு இலவசத் திட்டம் உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி ரூட்டரிலோ கடைக் கம்ப்யூட்டரிலோ போடலாம். வெளியார் ஒருவரின் கணக்கை நம்ப வேண்டும் என்பதும், சில ஃபயர்வால்கள் அதன் பெயரையே அடைத்து வைத்திருக்கும் என்பதும் குறைகள்.

உங்கள் ரூட்டரின் மாடல் பெயர், அதன் வெளி ஐபியின் முதல் இரண்டு எண்கள் மட்டும், போனிலும் விடுதியிலும் விபிஎன் லாக்கின் கடைசிப் பத்து வரிகள், விடுதி பிரவுசரில் தெரிந்த சான்றிதழ் வழங்கியவர் பெயர் ஆகியவற்றை இங்கேயே போடுங்கள். முழு முகவரியையும் டொமைன் பெயரையும் சாவி இருக்கும் பகுதியையும் அழித்துவிட்டுப் போடுங்கள். பார்த்துவிட்டு எந்த வகை என்று சொல்கிறேன்.